பதினொன்று வரை

சண்டை முடிந்த மறு வருசம், ஆடி.
மூன்று ஜோடி மாடு பூட்டி
சூலூரிலிருந்து இழுத்து வந்தார்கள்.
இறக்கை தனி, உடம்பு தனி.
ஏலத்தில் எடுத்தவர் அப்பைய நாயுடு.
இறக்கிய இடம் ஒண்டிப்புதூர்,
பட்டறைக்குப் பின்னால் சோளம் அறுத்த காடு.
எடைக் கணக்கு நான்.

கட்டை இல்லை, துணி இல்லை,
மூக்கு தொட்டு வால் வரைக்கும் தகடு.
இறக்கை ஒரே அடுக்கு.
முதுகில் மட்டும் நெளிநெளியாய்,
பரம்படிக்காமல் விட்ட சால் மாதிரி.
பேர் இருந்த இடத்தைச் சுரண்டியிருந்தார்கள்.

கேம்பில் ஸ்டோர் பார்த்த சவரிநாதன் சொன்னான்:
புதுசில் இதை எதுவும் எட்டிப் பிடிக்காதாம்,
விரட்டப் போன விமானமே பின்தங்குமாம்.
அதெல்லாம் சண்டைக்கு முந்தி.
சண்டை வந்தபோது இதற்கு வயசாகியிருந்தது.
அனுப்பினார்கள்.
பட்டப்பகலில், காவலுக்கு ஒன்றும் கூட வராமல்,
கடலில் நின்ற கப்பலுக்குக் குண்டு போட.

ஒட்டுகளை எண்ணினேன்.
வயிற்றில் பதினாறு.
இடது இறக்கையில் ஒன்பது.
பின்பக்கம் சுடுகிறவன் குந்தும் குழியைச் சுற்றி
ஒட்டின்மேல் ஒட்டு, எண்ண முடியவில்லை.
அதிலொன்று பால் டின் தகடு;
உள்ளே புரட்டிப் பார்த்தால் பாதி மாடு, கொஞ்சம் புல்.
எல்லா இருக்கையும் கிழிந்து கிடந்தது,
அந்தக் குழி இருக்கைக்கு மட்டும்
தோல் புதுசு.

வேலாத்தாளும் இன்னும் ஆறு பேரும்
உளி வைத்து ரிவெட் தலை சீவினார்கள்.
நூறு தலைக்கு ஓரணா.
"இத்தன தையல் போட்டா ஒரு ரவிக்கையத் தெச்சானுங்க?"
என்றாள் அவள். விரலில் ரத்தம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
அன்றைக்குக் கூரைத் தகரத்தைப் பிடுங்கியது.
ஆடியில் அம்மி பறக்கும்; இது பறக்கவில்லை.
உள்ளே ஒன்றுமில்லாத எஞ்சினில்
விசிறி மட்டும் கால் சுற்று சுற்றும்,
நிற்கும்,
எதையோ மறந்து வந்தது போல
அரைச் சுற்று திரும்பும்.

பொங்காளி அந்தப் பக்கமே வரவில்லை.
மலேயாவில் ரப்பர் வெட்டப் போய்த் திரும்பியவன்.
உலைக்குக் கரி அள்ளுவான், பேச மாட்டான்.
நாலாம் நாள் வந்தான்.
முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த வயிற்றுக்கடியில்
மல்லாந்து படுத்தான்.
"இதைய நா இப்புடித்தானுங்க பாத்திருக்கறேன்."

இது சர்க்கார் ஏரோப்ளேன்,
உன் மேல் போட்டது சப்பான்காரன் என்றேன்.
"கீழயிருந்து பாத்தா
வவுறு ஒண்ணுதானுங்க."

லீவரை இழுக்கச் சொன்னான்.
ஏறி இழுத்தேன். துரு.
ரெண்டாம் இழுப்பில் கதவு ரெண்டும் விட்டுக் கொடுத்தது.
அவன் நெஞ்சில் ஒரு பிடி மணல் கொட்டியது,
கறுப்பு மணல். நொய்யல் மணல் இல்லை.
தட்டிவிடவில்லை. எண்ணிக்கொண்டிருந்தான்.

நாலு, அஞ்சு.
உளிச் சத்தம் ஒவ்வொன்றாய் நின்றது.
எட்டு.
ஒம்பது.
பத்து சொல்லும்போது வாய் மட்டும் அசைந்தது.
பதினொன்றுக்குக் காதைப் பொத்திக்கொண்டான்.

வேலாத்தாள் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினாள்.
ஒன்றும் இல்லை பொங்காளி, எழுந்திரு என்றேன்.
பொத்தியிருந்த காதில் அது எப்படி விழும்.

பிறகு உருக்கினோம்.
போசியும் வட்டலுமாக வார்த்து
பல்லடம் சந்தைக்கு அனுப்பினார் நாயுடு.
செம்பு கலந்த தகடாம்,
புளி பட்டதும் கறுத்துப் போச்சு.
பாதிக்கு மேல் திரும்பி வந்தது.
மறுபடி உருக்கி
கிணற்று மோட்டாருக்கு மூடி வார்த்தார்,
அது விற்றது.

பேரேட்டில் என் கையெழுத்து:
தகடு இத்தனை மணங்கு.
கரி. ரிவெட் கூலி.
மணல் கழிவு, முக்கால் ராத்தல்.
பொங்காளிக்கு அன்றைக்கு அரை நாள் கூலி.

ஏன் அரை நாள் என்று கேட்டார் நாயுடு.
"படுத்துக் கெடந்தானுங்க" என்றேன்.